தாடைக்குப் போகும் கை

— இன்னொரு தடவை சொல்லு, காலையில அந்தத் தோல் டாக்டரம்மா என்னதான் சொன்னாங்க? நான் வண்டியை நிறுத்திட்டு வர்றதுக்குள்ள எல்லாம் பேசி முடிச்சிட்டீங்க.

— வரிசையா சொல்றேன், கேளு அக்கா. அதாவது, லேசர் வெளிச்சம் முடி வழியா உள்ள இறங்கி வேரைச் சுடணுமாம். அதுக்கு வேர் உள்ள இருக்கணும். ஷேவ் பண்ணலாம், பிடுங்கக் கூடாது.

— சரி.

— நீ என்ன பண்ணினே? ஒவ்வொரு தடவையும் முந்தின நாள் உன் பார்லர்ல உட்கார வச்சு, த்ரெட்டிங் பண்ணி, வேரோட எடுத்து அனுப்பினே.

— பின்னே? பார்லர்காரியோட தங்கச்சி தாடையில முடியோட போய் டாக்டர் முன்னாடி நிப்பியா? என் மானம் என்ன ஆகுறது?

— வேலைக்கு ஆள் வர்றதுக்கு முன்னாடியே வீட்டைப் பெருக்கித் துடைச்சு வைக்கிற குடும்பமாச்சே நம்மது. ஒரு வருஷமா அந்த அம்மா வெறும் தோலுக்கு வெளிச்சம் அடிச்சிட்டு இருந்திருக்காங்க.

— அவங்க முன்னாடியே கேட்டிருக்கலாம்ல?

— முதல் நாளே கேட்டாங்க, பிடுங்கறீங்களான்னு. வெட்கமா இருந்துச்சு, இல்லைன்னுட்டேன். எனக்கு அவ்வளவா வளராதுன்னு வேற சொன்னேன்.

— அடிப்பாவி. முடி எடுக்கப் போன இடத்துல முடியே இல்லைன்னு சொன்னியா?

— இந்த வாரம் நீ கல்யாணப் பொண்ணுக்கு அலங்காரம்னு ஓடிட்டே, எனக்கு நூல் போட ஆளில்ல. இன்னைக்குத்தான் என் தாடையை உள்ளபடி பார்த்தாங்க. ஒரு வருஷம் லேசர் போட்டும் இவ்வளவு முடி இருக்கேம்மான்னு அவங்களே ஆடிப்போயிட்டாங்க.

— இங்க பாரு, அதெல்லாம் வீட்டுல போய்ப் பேசிக்கலாம். இப்ப டிவிக்காரங்க உள்ள கூப்பிட்டுடுவாங்க. டிவியில செய்தி படிக்க வந்தவ கேமரா முன்னாடி இப்படியா நிக்கிறது? பையில நூல் இருக்கு, பாத்ரூமுக்கு வா.

— வேண்டாங்கா. இனிமே பிடுங்கவே கூடாதாம்.

— அப்போ இன்னைக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டு வா, அடுத்த தடவை பார்த்துக்கலாம்.

— அடுத்த தடவைன்னு ஒண்ணு இல்ல. ஏற்கெனவே ரெண்டு தடவை படிக்க வச்சுப் பார்த்துட்டு அனுப்பிட்டாங்க. இதுதான் கடைசின்னு சொல்லித்தான் கூப்பிட்டிருக்காங்க. இதுவும் போச்சுன்னா, ரயில்வே ஸ்டேஷன்ல அந்த அறிவிப்பு ரூமுக்குள்ளயே உட்கார்ந்து, வண்டி தாமதமா வரும்னு சொல்லிச் சொல்லியே எனக்கு நரைச்சுடும். இந்த ஊர்ல என் குரலைக் கேட்காதவங்க இல்ல, முகத்தைப் பார்த்தவங்கதான் இல்ல.

— உன் குரலை அவங்களே அப்படிப் புகழ்ந்தாங்களே. அப்புறம் ஏன் வேண்டாம்னாங்க?

— கையாலதான். படிக்கும்போது என்னையறியாம தாடைக்குப் போயிடுது. நீ சுத்தமா எடுத்து விட்ட அன்னைக்கும் போச்சு. கையை இறக்கும்மா, கையை இறக்கும்மான்னு கேமராக்காரர் சொல்லி அலுத்துட்டார். இரு, கூப்பிடுறாங்க. பையைப் பிடி.

— கொஞ்சம் பவுடராவது அப்பிக்கடி. கழுதை, நில்லு.

*

— என்னடி இது? சிரிக்கிறியா, அழறியா?

— உட்காரு, வரிசையா சொல்றேன். மேக்கப் போடுறவர் பஞ்சோட வந்தார். நெத்தி, கன்னம்னு வந்தவர் தாடைக்கு வந்ததும் நின்னுட்டார். பாவம், எங்கே பார்க்கிறதுன்னு தெரியாம கூரையைப் பார்த்தார். நானே சொல்லிட்டேன், அண்ணே, அது முடி, லேசர் போட்டேன், பலிக்கலன்னு.

— அப்படியேவா சொன்னே?

— அப்படியே. ஸ்டேஷன்ல பேசிப் பேசி நாக்குக்கு மெதுவா சொல்லத் தெரியல. கேமராக்காரர், விளக்குப் பிடிக்கிறவர், செய்தி ஆசிரியரம்மா, எல்லாருக்கும் கணீர்னு கேட்டுடுச்சு.

— போச்சு, மானமே போச்சு.

— போச்சு. போனப்புறம் கைக்கு ஒரு வேலையும் இல்லக்கா. எதை மறைக்கிறது? ரெண்டு கையும் மேசை மேல சும்மா கிடந்துச்சு. முதல் வரியிலேர்ந்து கடைசி வரி வரைக்கும் நிமிர்ந்து படிச்சேன். முடிச்சதும் ஆசிரியரம்மா கேமராக்காரரைப் பார்த்து, இந்தப் பொண்ணையா நாம திருப்பி அனுப்பினோம்னாங்க.

— அப்படின்னா?

— அப்படின்னா, திங்கக்கிழமையிலேர்ந்து காலைச் செய்தி நான்தான்.

— முடிக்கு என்ன சொன்னாங்க?

— மேக்கப்காரர்தான் மெதுவா கேட்டார், தாடையில கொஞ்சம் கனமா போடவான்னு. எல்லாருக்கும் போடுற அளவு போதும்னு ஆசிரியரம்மா சொல்லிட்டாங்க. வா, முதல்ல அம்மாகிட்ட சொல்லணும். நம்ம வீட்டுல யாருக்கும் இல்லாதது இவளுக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சுன்னு புலம்புறதை இன்னையோட நிறுத்தச் சொல்லணும்.

— நான் சொல்றேன் அம்மாகிட்ட. இந்த வாரம் எனக்கும் எடுக்க நேரம் கிடைக்கல, இங்க வந்து என் தாடைக்கு அடியில தொட்டுப் பாரு. உனக்கு முன்னாடியே வந்ததுடி எனக்கு, கட்டினவருக்கே தெரியாது. திங்கக்கிழமை கடையில டிவியை வச்சுட்டு, இதே தாடையோடதான் உட்காரப் போறேன்.