குளியலறையில் ஒரு ஞானஸ்நானம்

டிரைவர்: கதவைத் தாழ் போட்டாச்சா சம்பந்தி?

டெய்லர்: போட்டாச்சு. ஆனா எதுக்கு இவ்வளவு அவசரம்? பிள்ளைக்கு இப்பதான் சளி விட்டிருக்கு...

டிரைவர்: நாலு சொட்டுத் தண்ணிக்குச் சளி பிடிக்குமா? நல்லாப் பிடிங்க, நழுவுறா.

டெய்லர்: சோப்பு போட்ட பிள்ளை வழுக்காம என்ன செய்யும்... எனக்கென்னமோ மனசு ஒப்பல. உங்க மகனும் என் மகளும் ஆபீஸ் போயிருக்கிற நேரத்துல, திருட்டுத்தனமா...

டிரைவர்: நம்ம பேத்திக்கு நாம ஞானஸ்நானம் குடுக்கறது திருட்டா?

டெய்லர்: பதினெட்டு வயசானதும் அவளே முடிவு பண்ணட்டும்னு சொல்லிட்டாங்களே.

டிரைவர்: சொன்னது உங்க மக இல்ல, நான் பெத்த மகராசன். தடுப்பூசி போட்டானே, இவகிட்ட கேட்டுட்டா போட்டான்? ஊரே கூடற மாதிரி கத்தினா. அப்ப எங்க போச்சு சுதந்திரம்?

டெய்லர்: அது உடம்புக்கு.

டிரைவர்: இது ஆத்துமாவுக்கு. பஸ் ஓட்டின காலமெல்லாம் மாதா படத்தைக் கும்பிடாம நான் வண்டியை எடுத்ததில்ல. என் பேத்தி மட்டும் பிரேக் இல்லாம ரோட்டுக்கு வரணுமா?

டெய்லர்: மாதாவை நம்பி நீங்க சிக்னல்லகூட நிக்கமாட்டீங்கன்னு உங்க மகன் சொல்வாரு.

டிரைவர்: வாய் மட்டும் நீளம் அவனுக்கு. அந்த ஷாம்பு பாட்டிலை எடுங்க. கோயில்ல பிடிச்ச தீர்த்தம்.

டெய்லர்: ஷாம்பு பாட்டில்லயா?

டிரைவர்: பின்ன, சிலுவை போட்ட பாட்டில்ல கொண்டுவந்து அவன்கிட்ட மாட்டிக்கவா?

டெய்லர்: நுரைக்குதே...

டிரைவர்: சரியாக் கழுவல போல. பரவால்ல, பாவம் நல்லாப் போகும்.

டெய்லர்: பேரு?

டிரைவர்: எங்கம்மா பேருதான்.

டெய்லர்: ஏன், எங்கம்மா என்ன பாவம் பண்ணினாங்க?

டிரைவர்: உங்கம்மா பேரு நீளம். சொல்லி முடிக்கறதுக்குள்ள வெந்நீர் ஆறிடும்.

டெய்லர்: சம்பந்தி, திருச்சபைச் சட்டம்னு ஒன்னு இருக்கு. பிள்ளை சாகக் கிடந்தாத்தான் சாமியார் இல்லாம நம்மள மாதிரி ஆளுங்க குடுக்கலாம். இது காலை ஆட்டிக்கிட்டுச் சிரிக்குது.

டிரைவர்: பல்லு முளைக்குது. அதுவும் ஒரு கண்டம்தான்.

டெய்லர்: அப்புறம்... ஒருத்தருக்கு ஒரு தடவைதான். ரெண்டாவது தடவை செல்லாது. பாவமும்கூட.

டிரைவர்: ரெண்டாவதா குடுக்கறது யாரு... ஏன் தலையைக் குனியறீங்க?

டெய்லர்: பிள்ளை கால்ல நகம் வளர்ந்திருக்கு.

டிரைவர்: சம்பந்தி.

டெய்லர்: போன மாசம் நீங்க கண் ஆபரேஷனுக்குப் போனப்ப... சமையல்கட்டுத் தொட்டியில...

டிரைவர்: என்ன பேரு வச்சீங்க?

டெய்லர்: ...எங்கம்மா பேரு.

டிரைவர்: இந்தப் பூனையும் பால் குடிக்குமாங்கற மாதிரி இருந்துக்கிட்டு...

மகள்: அப்பா, கதவைத் திறங்க.

டெய்லர்: ஐயோ, எம்மக. சீக்கிரம் வந்துட்டா போல.

டிரைவர்: பாட்டிலை மறைங்க.

மகள்: மறைக்க வேணாம் மாமா. எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் நிக்கறேன். முதல்ல பிள்ளைக்குத் துண்டைச் சுத்துங்க.

டிரைவர்: நான் இன்னும் ஊத்தவே இல்லம்மா. ஊத்தினவரு உங்கப்பாதான். எனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

டெய்லர்: பாரும்மா, பைபிள்ல வர்ற சீடன் மாதிரி சேவல் கூவறதுக்கு முன்னாடியே மறுதலிக்கறாரு.

மகள்: அப்பா, நீங்க குடுத்ததும் செல்லாது.

டெய்லர்: ஏம்மா? சொல்ல வேண்டிய வார்த்தையெல்லாம் சரியாத்தான்...

மகள்: ரெண்டாவது தடவை செல்லாதுன்னு இப்ப நீங்கதானே சொன்னீங்க.

டிரைவர்: அப்ப முதல்ல... நீயாம்மா?

மகள்: நான் இல்ல. மாசம் நிறையாமப் பொறந்து கண்ணாடிப் பெட்டிக்குள்ள கிடந்தாளே... டாக்டர் கையை விரிச்ச அன்னைக்கு, நர்ஸ்கிட்ட பஞ்சும் தண்ணியும் கேட்டு வாங்கி, உங்க மகன்தான் குடுத்தாரு.

டிரைவர்: அவனா... அவனுக்கு வார்த்தையே தெரியாதே.

மகள்: ஒரு வார்த்தை தப்பல. அழுதுக்கிட்டே சொன்னாரு. சின்ன வயசுல நீங்க காதைத் திருகிச் சொல்லிக்குடுத்ததாம்.

டெய்லர்: அப்ப சட்டப்படி குடுத்தவரு சாமியே இல்லைங்கறவரு ஒருத்தர்தான்.

டிரைவர்: எங்கிட்ட ஒரு வார்த்தை... ஏம்மா சொல்லல?

மகள்: "எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா ஞாயித்துக்கிழமையே பூசைக்கு இழுத்துட்டுப் போயிடுவாரு, வாயைத் திறக்கமாட்டேன்னு சத்தியம் பண்ணு"ன்னு சொல்லி, தன்னோட தலகாணிக்கடியில இருந்த பைபிளை எடுத்து நீட்டிட்டாரு மாமா.