தியா சோலெங்குக்காக ஒரு மேசை

மேடையில் அமர்ந்திருக்கும் கர்னல் லுசெரோ அவர்களே, பங்குத்தந்தை தெரோன் அவர்களே, துறைமுகச் சமையற்கூடத்தின் தொண்டர்களே, படைவீரர்களின் மனைவியரே, தாய்மாரே, பெஞ்சுகளுக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கும் குழந்தைகளே! எல்லோருக்கும் வணக்கம்.

இந்தக் கொட்டகையின் கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே, சவப்பெட்டியில் தியா சோலெங் படுத்திருக்கிறார். முழுப்பெயர் சோலெதாத் அரனேத்தா. அந்தப் பெயரில் அவரைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். சிப்பாய்க்கும் தியா, கர்னலுக்கும் தியா. தியா என்றால் அத்தை; இந்தத் துறைமுகத்துக்கே அத்தை.

நாளைக் காலை கப்பல் புறப்படுகிறது. சண்டை நடக்கும் தீவுக்குப் போகும் பட்டாளம் அதில் ஏறுகிறது. என் கணவர் நோயெலும் ஏறுகிறார். சமையற்கூடத்தில் நேற்று முழுவதும் ஒரே கேள்வி. நாளைக்கு வழியனுப்புச் சாப்பாட்டுக்கு அடுப்பு எரியுமா?

"இந்த ஒரு தடவை விட்டுடலாம்" என்றார்கள் சிலர். "தியா இல்லாம எப்படி?" என்றார்கள்.

எப்படி? அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

சாப்பாட்டின் நடுவே ஒருவர் பயணம் கிளம்பினால், மேசையில் மிச்சமிருப்பவர்கள் அவரவர் தட்டை இருந்த இடத்திலேயே ஒரு சுற்றுத் திருப்பி வைக்கிறோம். போகிறவர் பத்திரமாகப் போய்ச்சேர. நம் எல்லோர் வீட்டிலும் நடப்பது. அதைக் கப்பல்துறைக்குக் கொண்டுபோனவர் யார்? தியா சோலெங்!

அதற்கு முன் என்ன செய்தோம்? வீரர்கள் ஒரு பக்கம் பொட்டலம் பிரிப்பார்கள். நாம் கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்று அழுவோம். தியா நடுவில் மேசை போட்டார். போகிறவர்களும் இருக்கிறவர்களும் ஒன்றாக உட்கார வேண்டும். முஸ்லிம் வீரர்களுக்குப் பன்றிக்கறி படாத சட்டி தனியாக. அந்தச் சட்டியின் கரண்டியில் சிவப்புத் துணி. அதை வேறு சட்டியில் விட்டவர்கள் தியாவின் வாயிலிருந்து தப்பியதில்லை.

நோயெலின் முதல் பயணம். தியா தட்டை நீட்டினார்.

"சாப்பாடு வேணாம் தியா. எறங்காது."

"எறங்கலேன்னா தண்ணி குடிச்சுத் தள்ளு. தட்டு வாங்காம எதைடி திருப்புவ? காத்தையா?"

"இதையெல்லாம் நான் நம்பறதில்ல."

"நீ நம்பாட்டி போ. உன் தட்டு நம்பிக்கும். உக்காரு."

உட்கார்ந்தேன். சோறும், புளிக்காடியில் ஊறிய அடோபோ இறைச்சியும். கப்பல் ஊதியது. தட்டைத் திருப்பினேன். அப்போதுதான் கவனித்தேன், தட்டு காலி. முந்தின நாளிலிருந்து நான் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. பக்கத்தில் இருந்தவளும் சாப்பிட்டிருக்கவில்லை. அவள் தட்டும் காலி.

அது தியாவின் தந்திரமா, நம்பிக்கையா? தெரியாது. இப்போதெல்லாம் அதை யோசிப்பதில்லை.

ஒருநாள் கேட்டேன். "பட்டாளத்துல உங்களுக்கு யாரு தியா?"

"ஒருத்தரும் இல்ல. அதான் என் கை நடுங்கல. சோறு பரிமாற நடுங்காத கை வேணும்ல?"

பரிமாறிய கை அது! பிரசவ வலி கண்ட ஒரு வீரரின் மனைவியை மீன் வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்கு ஓட்டிய கை அது! பெட்டியில் திரும்பி வந்தவர்களும் உண்டு. நாம் அதை மறக்கவில்லை. அவர்களின் தாய்மாருக்குப் பக்கத்தில் தட்டோடு உட்கார்ந்து, முதல் வாய் தான் தின்று, அடுத்த வாய் ஊட்டிய கையும் அதுதான்.

இனி, மேசைக் கதை. கர்னல் அவர்களே, நீங்கள் இப்போதே சிரிக்கிறீர்கள்.

கர்னல் அப்போது ஊருக்குப் புதியவர். வழியனுப்பு விருந்தைப் படை மரபுப்படி நடத்த ஆசைப்பட்டார். நீண்ட மேசை. மேசை நெடுக வாழையிலை. அதன்மேல் மலைபோல் சோறு, சுட்ட மீன், கத்தரிக்காய், இறால். அதிகாரியும் சிப்பாயும் தோளோடு தோள் நின்று கையால் அள்ளித் தின்ன வேண்டும். என்ன அழகான விருந்து!

தட்டு இல்லாத விருந்து.

கப்பல் ஊதும்வரை யாருக்கும் அது உறைக்கவில்லை. ஊதியது. வீரர்கள் ஓடினார்கள். நாங்கள் குனிந்து பார்த்தோம்.

"ஐயோ, தட்டு எங்கடி?" என்று கத்தியவள் நெனெத். இதோ, முன்வரிசையில் முகத்தை மூடிக்கொள்கிறாள். ஒருத்தி இலையைத் திருப்பப் பார்த்தாள், கிழிந்தது. ஒருத்தி தண்ணீர்க் குவளையைத் திருப்பினாள். ஒருத்தி அழவே தொடங்கிவிட்டாள்.

"என்னடி முழிக்கிறீங்க? மேசையப் புடிங்க!"

"மேசையவா? தியா, அது பாலம் மாதிரி கெடக்கு!"

"புருஷன் வரணுமா வேணாமா? புடி!"

கர்னல் ஓடிவந்தார். "அம்மா, அம்மா, இது ராணுவச் சொத்து."

"அப்ப ராணுவமும் ஒரு மூலையப் புடிக்கட்டும். அந்தப் பக்கம் போங்க, தம்பி."

போனார்!

தூக்கினோம். கிழக்கு நுனி மேற்கே போக வேண்டும். ஜீப்னி வண்டி ஒன்று பின்வாங்கி வழிவிட்டது. மீன் சரிந்தது. நாய்க்கு அன்று திருவிழா. கப்பலின் கம்பியோரம் பட்டாளமே நின்று கைதட்டியது. "தியா, இன்னும் கொஞ்சம் எடது பக்கம்!" அழ வேண்டிய நேரத்தில் துறைமுகமே சிரித்தது. தலைமுடியெல்லாம் சோற்றோடு சிரித்துக்கொண்டிருந்த என்னைத்தான் நோயெல் கடைசியாகப் பார்த்தார். பிறகு தொலைபேசியில் சொன்னார்: "அங்க பயம் வந்தா அந்த மேசைய நெனச்சுக்குவேன்."

நன்றி என்ற சொல் போதுமா? போதாது. தியா அதைக் கேட்டால், "நன்றி இருக்கட்டும், பூண்டு உரி" என்பார்.

போன திங்கட்கிழமை மதியம் தொண்டர்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "நீங்க சாப்பிடுங்க. நான் கொஞ்சம் சாயறேன்" என்று எழுந்தார். அரிசி மூட்டைகள்மேல் படுத்தார், பிறகு எழவே இல்லை. அது பயணம் என்று நமக்குத் தெரியவில்லை. ஒருவரும் தட்டைத் திருப்பவில்லை. அதை நினைத்தே அன்றிலிருந்து நெனெத் தூங்கவில்லை.

தோழர்களே! இந்தக் கொட்டகைக்கு வெளியே வாழையிலை விரித்திருக்கிறோம். அதே நீண்ட மேசை. தட்டு வைக்கவில்லை. இந்தமுறை தெரிந்தே வைக்கவில்லை.

நாளைக்கு அடுப்பு எரியும். இதை நம் எல்லோர் சார்பிலும் தியாவின் முன்னிலையில் சொல்கிறேன். சிவப்புத் துணி கட்டிய கரண்டி நெனெத்தின் கையில். நாளை என் கை நடுங்கும். நடுங்கட்டும், நான் பூண்டு உரிக்கிறேன். பரிமாற நடுங்காத கைகள் இந்த ஊரில் நிறைய உண்டு. இறைச்சி ஏற்கெனவே ஊறுகிறது.

இப்போது சாப்பிட வாருங்கள். யாரும் வெறும் வயிற்றோடு நிற்கக் கூடாது. சவ வண்டி ஊதியதும் அழுகை அப்புறம், முதலில் மேசையைத் திருப்ப வேண்டும். கர்னல் அவர்களே, உங்கள் மூலை உங்களுக்குத் தெரியும்.