பெஷைட் என்றால் சேதி

பக்கத்தில் வாருங்கள் என் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி. ஒரு ஜெர்மன் சொல் இரண்டு சிநேகிதிகளைப் படுத்திய பாட்டைச் சொல்கிறேன். ஆவூர் பிளெஸ்ஸியும் கீரமங்கலம் திலகவதியும் புதுக்கோட்டையில் ஒரே ஆஸ்பத்திரியில் நர்சுகள். ஜெர்மனியிலும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலைக்கு, ஒரே நாளில் இண்டர்வியூ கொடுத்தவர்கள். தினமும் நாலு மணிக்குப் போனில் ஒரு சொல்லை எடுத்துப் பழகுவார்கள். புத்தக வாக்கியம் கூடாது, தன் வாழ்க்கையில் உள்ளதைத்தான் சொல்ல வேண்டும் என்பது அவர்களே போட்டுக்கொண்ட சட்டம்.

அன்று காலை பிளெஸ்ஸிக்கு வேலை உறுதி என்று மெயில் வந்திருந்தது. திலகாவிடம் அவள் மூச்சு விடவில்லை. இனி பிளெஸ்ஸி பேசுவது மட்டுந்தான் நமக்குக் கேட்கும்.

"ஹலோ... ஆமாடி, நான்தான்... கேக்குது, கேக்குது. பூ கட்டிக்கிட்டே பேசுறியா?... சரி, இன்னைக்கு என்ன வார்த்தை?... என்னது? பெஷைடா?"

கொல்லையில் நடந்துகொண்டிருந்தவளின் கால் நின்றது.

"அது எதுக்குடி இப்ப? நேத்து சாவிக்கு வார்த்தை எடுத்தோம்ல, அது மாதிரி சுளுவா எதாச்சும் எடேன்... சரி சரி, கோவிக்காத. பெஷைட்னா சேதி. ஆபீஸ்லேருந்து முடிவு சொல்லி வர்ற தபாலுக்கும் அதே பேருதான்... ம். 'பெஷைட் ஸாகென்'னா சேதி சொல்றது. வாக்கியமா? அம்மா எங்க போனாலும் எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போகும். 'மைனெ முட்டர் ஸாக்ட் மியர் பெஷைட்.' சரியா?... ஆமா, ஆமா."

கொடியில் காய்ந்த யூனிஃபார்மை எடுத்தாள். மறுபடி அதையே கொடியில் போட்டாள்.

"இரு, இங்கிட்டு டவர் நிக்கல, அங்கிட்டு வாரேன்... ம், 'பெஷைட் விஸ்ஸென்'னா வெவரம் தெரிஞ்சிருக்குறது. எங்க பீட்டர் அண்ணனுக்கு டிராக்டர் வெவரம் அத்துப்படி. 'பீட்டர் வைஸ் பெஷைட்.' ஏன் சிரிக்கிற? சட்டப்படி உண்மைதான!... அடுத்ததா? 'பெகொமென்' வச்சா?... அது... வந்து சேர்றது, கெடைக்கிறது. தெரியும்டி. நீ மொதல்ல சொல்லேன்... சரி, ஏன் பறக்குற? 'இஷ் ஹாபெ...'"

அந்த வாக்கியத்திலும் நம் தமிழைப் போல வினைச்சொல் கடைசியில்தான். இழுத்தடிக்க வசதி. யூனிஃபார்மை மறுபடி கையில் எடுத்துக்கொண்டாள்.

"'இஷ் ஹாபெ நோஹ் கைனென் பெஷைட்... பெகொமென்.' எனக்கு இன்னும் சேதி வரல... ம், வரல... இல்ல, ஒண்ணுமில்ல, தொண்டை கட்டியிருக்கு... ஹலோ?... திலகா, லைன்ல இருக்கியா?... ஏன்டி பேச மாட்டேங்குற?... இரு, வச்சிராத. அது பொய். சட்டத்த நான் மீறிட்டேன். 'இஷ் ஹாபெ ஹொய்ட்டெ பெஷைட் பெகொமென்.' இன்னைக்குக் காலையிலயே வந்துருச்சு... ஆமா. எடுத்துக்கிட்டாங்க... ஒனக்கும் வரட்டும், சேத்துச் சொல்லிக்கலாம்னுதான்... திட்டு, நல்லாத் திட்டு... என்ன? ஒனக்கும் வந்துச்சா? எப்ப?... நேத்தா?"

யூனிஃபார்ம் மண்ணில் விழுந்ததை அவள் பார்க்கவில்லை.

"இல்லைன்னுட்டாங்களா... ஒரு நாப் பூரா ஒத்தையில வச்சுக்கிட்டு இருந்தியா? வாக்கியமாச் சொல்லிப்புடலாம்னுதான் இந்த வார்த்தைய எடுத்தியா?... அடிப்பாவி! நான் ஒன்னைய வாயத் தொறக்க விடாம டவரு, டிராக்டருன்னு... அழாத... இல்ல, அழு. நான் இருக்கேன், வைக்க மாட்டேன்."

வெகுநேரம் அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். 'ம்' மட்டும் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னது, நான் சொன்னது தப்பா? 'ஹொய்ட்டெ'ய அப்படி இழுக்கக் கூடாதா?... மூக்க உறிஞ்சிக்கிட்டே எனக்கு உச்சரிப்புத் திருத்துறியா நீ?... சிரி, சிரி. கேளு. வேற ஆஸ்பத்திரிக்கு ஒனக்கு நாளைக்கே எழுதுறோம். நான் போனாலும் இந்த நாலு மணி மாறாது. அங்க மத்தியானம், அம்புட்டுத்தான்... சட்டப்படி உண்மைதான்டி... ஒரு கடைசி வாக்கியம். 'ஸாக் மியர் பெஷைட்.' எனக்குச் சேதி சொல்லு. நல்லதோ கெட்டதோ, அன்னைக்கே சொல்லு. நானும் சொல்றேன்... கட்டுன பூவ எடுக்க வண்டி வந்துருச்சா? ஓடு, ஓடு... வச்சுர்றேன்."

கண்ணுகளா, உங்கள் வீட்டு வாசலுக்கு நல்ல சேதியாகவே வரட்டும். அப்படி இல்லாத சேதி வருகிற நாளில், அதை அன்றைக்கே கேட்டுக்கொள்ள உங்கள் வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆள் இருக்கட்டும்.