எல்லாரும் பிடித்த கயிறு

என் சிநேகிதனின் தாய்மாமனுக்கு நடந்தது இது. இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், கத்திச் சொல்கிற கதை இல்லை.

ராத்திரி ஏழரை மணி. கடைசி விளக்குக் கம்பத்தைத் தாண்டினால் ஆளரவமில்லாத ஒற்றைச் சாலை... அதன் கோடியில் ஒரு வீடு. கையில் ஒரு பையோடு மாமா போனார். கல்லூரியில் சரித்திரம் நடத்துபவர். ஊரைத் திருத்துகிறோம் என்று முகத்தில் துணி கட்டிக்கொண்டு ஆட்களைத் தூக்கில் போட்ட ஒரு ரகசியக் கூட்டத்தை வருஷக்கணக்காக ஆராய்ந்துகொண்டிருந்தார். வெறும் ஆராய்ச்சி இல்லை. அவர் தாய் வயிற்றில் இருந்தபோது அப்பாவைத் தூக்கிலிட்டது அவர்கள்தான்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம். கயிற்றை எல்லாரும் சேர்ந்துதான் இழுக்க வேண்டும். அப்புறம் எவன் எவனைக் காட்டிக்கொடுப்பான்? அதில் உயிரோடு மிஞ்சிய ஒரே ஆள் அந்த வீட்டுக் கிழவர்.

"நான் சும்மா வேடிக்க பாத்தவன் தம்பி. கயித்தத் தொட்டதே இல்ல."

வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத பிள்ளை மாதிரி முகம். மாமாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பழைய பொருளைக் கையில் கொடுத்தால் வயதானவர்களுக்கு ஞாபகம் தானாக வரும். அது மாமாவின் தொழில்முறை. கோர்ட்டுக் கிடங்கில் சாட்சிப் பொருளாகக் கிடந்த, அப்பாவைத் தூக்கிலிட்ட அதே கயிற்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். ஒரு நுனியைக் கிழவர் கையில் வைத்தார். மற்ற நுனியைத் தரையில் போட்டுவிட்டார். தப்பு அங்கேதான்.

ஈரச் சணல் வாடை... வீடு முழுக்க.

கிர்ர்... கயிறு விறைத்தது.

"இழுக்காதீங்க தம்பி."

"நான் பிடிக்கவே இல்லையே."

தரையில் கிடந்த நுனி வாசலைத் தாண்டி இருட்டுக்குள் போயிருந்தது. கிழவர் கையை உதறினார். கயிறு மணிக்கட்டில் சுற்றியது... பிறகு தோளில்... பிறகு கழுத்தில்.

"நிறுத்துங்க தம்பி. நானும்தான் இழுத்தேன். மொத ஆளா இழுத்தேன்."

மாமா கயிற்றைப் பிடித்தார். நிறுத்துவதற்கென்றா நினைக்கிறீர்கள்? பிறந்ததிலிருந்து சேர்த்து வைத்த ஆத்திரம். பல்லைக் கடித்துக்கொண்டு வாசல் பக்கமாக இழுத்தார்.

அவர் முதுகுக்குப் பின்னால் இன்னொரு ஜோடிக் கை கயிற்றைப் பற்றியது. பிடரியில் மூச்சுக் காற்று இல்லை... காதோரம் குரல் மட்டும்.

"நீ விட்டுடுப்பா. உனக்கு எதுக்கு இந்தப் பாவம்? நான் பாத்துக்கறேன்."

மாமா விட்டுவிட்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். அவரைத் தாண்டி, வாசலைத் தாண்டி, கிழவரின் குதிகால் மண்ணில் தேய்ந்துகொண்டு போகிற சத்தம் கேட்டது. சர்ர்... சர்ர்... கொஞ்சமும் அவசரமில்லாமல்.