உடையாத எஞ்சின்கள்

காலை ஏழே காலுக்கு டிப்பர்கள் முதல் நடை முடித்துத் திரும்பும். எஞ்சின் ஆயில் எடுக்க அதுதான் நேரம். எஞ்சின் சூடாக இருக்கும். கசடெல்லாம் ஆயிலோடு கலந்து சுற்றிக்கொண்டிருக்கும். ஆறவிட்டால் கனமானது அடியில் உட்கார்ந்துவிடும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவிவிட்டு, அந்த ஓட்டையில் மெல்லிய குழாயை விட்டு, கைப்பம்பால் ஒரு சின்ன பாட்டில் உறிஞ்சுவேன். பாட்டில் நிறையும்போது விசிலடிப்பேன். எனக்கு இந்த வேலை அவ்வளவு பிடிக்கும், மேடம்.

பெயர் குமரகுரு. சின்ன காஞ்சிபுரம். எங்கள் வீட்டில் எல்லோரும் தறி. நான் முதலில் ஜரிகை சோதிக்கும் இடத்தில் இருந்தேன். நூலை மெஷினில் வைத்தால் வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று சொல்லிவிடும். கல்யாண வீட்டார் எண்ணைப் பார்க்க மாட்டார்கள். என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் வாய் திறக்கும்வரை யாரும் மூச்சு விடுவதில்லை. அந்தச் சில நொடிகளுக்காகவே நான் மெதுவாகப் பேசப் பழகினேன்.

பிறகு லாரிகளுக்கு வந்தேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு லேப் ஆயிலைச் சோதித்து எண்களை அனுப்பும். அதற்கு அர்த்தம் சொல்வது என் வேலை. இரும்பு கூடினால் சிலிண்டர் தேய்கிறது. சிலிக்கான் கூடினால் ஏர் ஃபில்டரைத் தாண்டிக் குவாரித் தூசி உள்ளே போகிறது. வண்டியைப் பிரிக்காமலே அதன் வயிற்றில் நடப்பது எனக்குத் தெரியும். மார்க்கெட்டில் ஒரு லாரி என்னைக் கடந்து போனால் உள்ளுக்குள் சிரிப்பு வரும். அதற்கே தெரியாத ஒன்று எனக்குத் தெரியும்.

ஒரே குறை. நான் சொன்னால் கேட்டார்கள். ஃபில்டரை மாற்றினார்கள், பேரிங்கை மாற்றினார்கள், வண்டி ஓடியது. உடையும் என்று நான் சொன்ன எதுவும் உடையவில்லை. டாக்டருக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவர் பேச்சைக் கேட்காதவர்கள் சிலராவது இருப்பார்கள்.

கூரம் கோதண்டபாணிக்கு மூன்று டிப்பர். நல்ல மனிதர். நிலத்தில் ஒரு பகுதியை விற்று வண்டி வாங்கினார். நான் ரிப்போர்ட்டோடு போனால் வண்டிகள் நிற்கும் செட்டில் இருக்கும் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைப்பார்.

"இன்னாபா, இந்த மாசம் எது உடையுது?"

நான் சொல்வேன். அவர் சிரிப்பார். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுத்தான் சிரிப்பார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

"வருசக்கணக்கா உடையுது உடையுதுன்றே. எதுனா உடைஞ்சுதா? என் மருமவன ஒரு பாட்டில்ல புடிச்சுக் குடுக்கறேன், எப்ப உருப்படுவான்னு டெஸ்ட் பண்ணி சொல்லு."

நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவைதான்.

எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது வேறு ஒரு சமாச்சாரம். போன வருடம் ஆயுத பூஜை முடிந்த வாரம், அவருடைய ஒரு வண்டியின் ஆயிலில் ஈயம் எகிறியிருந்தது. ஈயம் என்றால் பேரிங். கோதண்டபாணி தலையில் கை வைத்துவிட்டார். ஆனால் பேரிங் கரைந்தால் ஈயத்தோடு செம்பும் தகரமும் வரும். இங்கே ஈயம் மட்டும் தனியாக வந்திருந்தது. நான் போய் வண்டியைப் பார்த்தேன். அதன் டிரைவர் உமாபதி டிப்ஸ்டிக் வளையத்துக்கும் ஆயில் மூடிக்கும் பெரிய பெரிய பொட்டு வைத்திருந்தார். மலிவான பாக்கெட் குங்குமம். சிலவற்றில் ஈயம் கலந்திருக்கும். குழாய் விடும்போது அது உள்ளே உதிர்ந்திருக்கிறது.

"முன்னாடி கண்ணாடிக்கு எல்லாரும் வெக்கறாங்க, சார். வேல செய்யறது இது. இதுக்கு வெக்க வேணாமா?" என்றார் உமாபதி.

அன்றைக்குச் செட்டில் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆயிலில் குங்குமத்தைக் கண்டுபிடித்தவன் என்று ஊரெல்லாம் என் பெயர் பரவியது. டீக்கடையில் முன்பின் தெரியாதவர்கள் கை கொடுத்தார்கள். எத்தனையோ எஞ்சின்களைக் காப்பாற்றியவன் நான். ஒன்றுமில்லை என்று சொன்னதற்குத்தான் கை கொடுத்தார்கள். அதன்பிறகு எந்த ரிப்போர்ட்டை நீட்டினாலும் முதல் கேள்வி, குங்குமமா.

இந்த வருடமும் ஆயுத பூஜை வந்தது. உமாபதியின் வண்டிக்கு ரிப்போர்ட் வந்தது. அதை நான் பஸ் ஸ்டாண்டில் நின்று போனில் பார்த்தேன். ஈயம் இருந்தது. பக்கத்திலேயே செம்பு. அதற்குப் பக்கத்தில் தகரம். மேலே சோடியமும் பொட்டாசியமும். அதாவது, ரேடியேட்டரில் இருக்க வேண்டிய கூலண்ட் ஆயிலுக்குள் இறங்கிவிட்டது. ஆயில் நீர்த்துப் பேரிங்கைத் தின்றுகொண்டிருக்கிறது. அவ்வளவு சுத்தமான ரிப்போர்ட்டை நான் பார்த்ததில்லை. ஒரு எண்கூட மற்றொன்றோடு முரண்படவில்லை. கால் தரையில் நிற்கவில்லை, மேடம். பஸ்ஸைத் தவறவிட்டேன். அடுத்த பஸ்ஸையும் தவறவிட்டேன். ஒரு முழம் மல்லிகை வாங்கினேன். எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பூவை யாருக்கு வாங்கினேன் என்று தெரியவில்லை. பையிலேயே வைத்திருந்தேன்.

மறுநாள் ரிப்போர்ட்டைக் கோதண்டபாணி கையில் கொடுத்தேன். முழு ரிப்போர்ட். எதையும் மறைக்கவில்லை. ஈயம் ஏறியிருக்கிறது என்றும் சொன்னேன்.

"பூச முடிஞ்சுதில்ல, குங்குமந்தானே?" என்றார்.

நான் சிரித்தேன்.

அவரும் சிரித்தார். செட்டே சிரித்தது. ரிப்போர்ட்டை மடித்து விசிறிக்கொண்டார். இதில் நான் சொன்ன பொய் எது என்று நீங்களே பாருங்கள். சிரிப்புக்கு அர்த்தம் வைத்துக்கொண்டது அவர்.

ஒரு எஞ்சின் போதும் என்று நினைத்தேன். ஒரே ஒரு எஞ்சின் நான் சொன்ன மாதிரி உடைந்தால், அதன் பிறகு யாரும் சிரிக்க மாட்டார்கள். எல்லோரும் பிழைப்பார்கள். எஞ்சினைப் பற்றித்தான் யோசித்தேன். அதற்குள் உட்காரும் ஆளைப் பற்றி லேப் எதுவும் அனுப்புவதில்லை.

நடந்தது உங்களுக்குத் தெரியும். உத்திரமேரூர் பக்கத்துக் குவாரி. பள்ளத்திலிருந்து மேலே வரும் ஏற்றத்தில், முழு லோடோடு, எஞ்சின் இறுகி நின்றது. ஸ்டியரிங்கும் கல்லானது. வண்டி பின்னால் உருண்டு ஓரத்தைத் தாண்டியது. ஜல்லியை அள்ளிவிட்டுத்தான் உமாபதியை எடுத்தார்கள்.

வடிவு, அவர் மனைவி, சாவு வீட்டில் என்னை உட்காரச் சொன்னார். அவர் உங்களைப் பத்திப் பேசிக்கினே இருப்பாரு சார் என்றார். எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

கோதண்டபாணி சுடுகாட்டிலிருந்து நேராக என்னிடம் வந்தார். மற்ற இரண்டு வண்டியின் ஆயிலையும் கையோடு கொண்டுவந்திருந்தார், கூல்டிரிங்க் பாட்டிலில்.

"குங்குமம் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாமேபா."

ரிப்போர்ட் உங்கள் கையில்தானே இருந்தது என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். இத்தனை வருடத்தில் அவர் என் முன்னால் சிரிக்காமல் நின்றது அன்றுதான். பாட்டில்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். மெதுவாகப் பார்த்தேன். அவர் மூச்சு விடவில்லை.

அதற்குப் பிறகு என் வாசலைப் பார்த்திருக்க வேண்டும். வாலாஜாபாத்திலிருந்து வந்தார்கள், செய்யாறிலிருந்து வந்தார்கள். கோயிலில் தீர்த்தத்துக்கு நிற்பதுபோல் ஆளுக்கொரு பாட்டிலோடு நின்றார்கள். யாரும் ஜோக் அடிக்கவில்லை. கூலண்ட் கசிந்த வண்டிகளை நான் கண்டுபிடித்தேன், அவர்கள் அன்றே நிறுத்தினார்கள். அந்த வண்டிகளை ஓட்டுகிறவர்களுக்கும் வீட்டில் வடிவுகள் உண்டு. உமாபதி இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். உங்கள் ஜீப்பின் ஆயிலைக்கூட ஒரு நாள் பார்த்துச் சொல்கிறேன். அது வெளியே வந்து நின்றபோது கேட்டேன், சத்தம் அவ்வளவு நன்றாக இல்லை.

போனைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், அன்று காலை உமாபதி என்னைக் கூப்பிட்டார். இரண்டு முறை.

முதல் முறை நான் ஓட்டலில் இருந்தேன். அவர் குவாரிக்குள் இருந்தார்.

"சார், சத்தம் வேற மாதிரி இருக்குது. அடியில யாரோ சுத்தியால தட்டற மாதிரி. ஓனரு உங்களக் கேட்டுக்கச் சொன்னாரு."

போனை எஞ்சின் பக்கம் பிடிக்கச் சொன்னேன். பிடித்தார். எண்களாக மட்டும் பார்த்திருந்ததை முதல் தடவையாகக் காதால் கேட்டேன். அவ்வளவு சீரான தட்டல். இட்லியை மறந்துவிட்டேன். நிறுத்துங்கள் என்று சொன்னால் அந்த எஞ்சினும் உடையாது. செட்டில் மறுபடி ஆள் கூட்டி உட்கார வைப்பார்கள்.

காலி வண்டியில் சரியாகத் தெரியாது என்றேன். இது உண்மை, எந்த மெக்கானிக்கை வேண்டுமானாலும் கேளுங்கள். பாரம் விழுந்தால்தான் பேரிங் பேசும். லோடு ஏற்றிவிட்டு மறுபடி கூப்பிடுங்கள் என்றேன். நீங்க சொன்னா சரி சார் என்றார். அவருக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

சொன்னபடி கூப்பிட்டார். இந்த முறை போனை எங்கேயும் பிடிக்கத் தேவைப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அவர் அந்தச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தது. இந்த அழைப்பில் நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. தயவுசெய்து அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பேசியது முழுக்க அவர்தான்.

"சார், ஏத்தத்துக்குக் கீழ நிக்கறேன். ரொம்பத் தட்டுது. லைன்ல இருக்கீங்களா? ஏறட்டுமா, சார்?"