சூசமிர் பக்கம் போற வண்டி

தெமிர்: அந்தக் கதவ இன்னொரு தரம் சாத்து.

கென்ஜே: எத்தன தரம் அத்தான்... கையோட கழண்டு வந்துரும்.

தெமிர்: வரட்டும். வாங்கறதுக்கு முன்னாடி வந்தா நல்லதுதானே.

சாய்ரா: மெதுவாச் சாத்தினாலே சாத்திக்கும் தம்பி. நான் இத்தன வருஷம் அப்படித்தான் சாத்தறேன்.

கென்ஜே: அத்தானுக்கு அது பழக்கமில்லக்கா. எங்கக்கா சாத்தற சத்தம் கேட்டுக் கேட்டு, கதவுன்னா அப்படித்தான்னு நெனச்சுட்டாரு.

தெமிர்: வாயப் பாரு... அக்கா, இந்த எடத்துல பெயிண்ட் வேற மாதிரி இருக்கே. எங்க கொண்டு போய் இடிச்சீங்க?

சாய்ரா: நான் இடிக்கல. குதிர இடிச்சுது.

தெமிர்: குதிர.

சாய்ரா: மேய்ச்சல்லேர்ந்து எறங்குற மந்த. வழி விட்டு ஓரமா நின்னேன். ஒரு கெழட்டுக் குதிர வந்து முதுகு சொறிஞ்சுக்கிட்டுப் போச்சு.

கென்ஜே: பாத்தீங்களா, குதிரைக்கே புடிச்சிருக்கு.

தெமிர்: குதிர காசு குடுக்கப் போறதில்ல. இதுலயும் ஏதோ ஒண்ணு இருக்கும், இரு.

கென்ஜே: எதுல இல்ல உங்களுக்கு? காலைல சந்தைல அந்த வெள்ள வண்டி, அதுக்கு என்ன?

தெமிர்: வெள்ள வண்டி பனியில கண்ணுக்குத் தெரியாது.

கென்ஜே: சரி, சிவப்பு வண்டி?

தெமிர்: அது ரொம்பத் தெரியும்.

சாய்ரா: பனியிலயா? எங்க கண்ணு ஓட்டப் போற?

கென்ஜே: சூசமிர் பள்ளத்தாக்குலக்கா. கணவாய்க்கு அந்தப் பக்கம். நர்ஸ் வேல கெடச்சிருக்கு, பிரசவம் பாக்கற வேல. அங்க ஆம்புலன்ஸ் ஓடல. திங்கக்கெழம சொந்த வண்டியோட வந்தா வேல, இல்லன்னா வேற ஆளப் போட்டுருவோம்னு சொல்லிட்டாங்க.

சாய்ரா: சூசமிர்லயா... பிரசவம் பாக்கவா...

தெமிர்: என்னக்கா?

சாய்ரா: ஒண்ணுமில்ல. லைசென்ஸ் எப்ப எடுத்த?

கென்ஜே: இந்த வசந்தத்துல, நவ்ரூஸ் பண்டிக முடிஞ்சு.

தெமிர்: இவ ஆட்டுக்கு ஹாரன் அடிச்சா ஆடு திரும்பி இவள மொறைக்கும். அந்த அளவுக்கு ஓட்டுவா. வெல என்னக்கா சொல்றீங்க?

சாய்ரா: கண்ணாடில நாலு லட்சம் சோம்னு எழுதியிருக்கேன்... மூணு குடுங்க.

தெமிர்: நான் இன்னும் பேரமே ஆரம்பிக்கலியே.

சாய்ரா: அப்ப ஆரம்பிக்காதீங்க.

தெமிர்: கென்ஜே, இப்படி வா... தானாவே ஒரு லட்சத்த எறக்குது இந்தம்மா. நம்பாதே.

சாய்ரா: எனக்குக் காது கேக்குது தம்பி. முட்டிதான் போச்சு. கிளட்ச் மிதிக்க முடியல, அதான் விக்கறேன்.

கென்ஜே: அக்கா, ஒண்ணு கேக்கவா? கணவாய் மேல ஏத்திப் பாக்கட்டுமா? ஏறிடுச்சுன்னா எடுத்துக்கறேன்.

தெமிர்: ஓட்டிப் பாக்கறதுன்னா தெருக்கோடி வரைக்கும், புள்ள.

சாய்ரா: சாவி வண்டியிலதான் இருக்கு. ஏறு... நானும் வரேன், பின்னாடி உக்காந்துக்கறேன். தம்பி, நீங்க முன்னாடி இடது சீட்டுல.

தெமிர்: ஏன்?

சாய்ரா: ஜப்பான் வண்டி, ஸ்டியரிங் வலது பக்கம். நம்ம ரோட்டுல வலது ஓரமாப் போறோம், அதுக்கு இது தப்பான பக்கம். முன்னால லாரி போச்சுன்னா ஓட்டறவளுக்கு எதிர்ல வர்றது தெரியாது. இடது பக்கம் இருக்கறவங்கதான் பாத்துச் சொல்லணும்.

தெமிர்: ஆக, கண்ணு என்னுது, காலு அவளுது.

கென்ஜே: மூள யாருது அத்தான்?

தெமிர்: அத வீட்லயே விட்டுட்டு வந்துட்டோம். இவ தனியா வந்தா என்னக்கா பண்ணுவா?

சாய்ரா: தனியா எதுக்கு வரணும்? அடிவாரத்துல கை காட்டிக்கிட்டு எப்பவும் யாராச்சும் நிப்பாங்க. ஏத்திக்கணும். இடது சீட்டக் காலியா வச்சுக்கிட்டு நான் இந்த மலை ஏறினதே இல்ல.

கென்ஜே: கெளம்பட்டுமா?

தெமிர்: ஆண்டவனே... கெளம்பு.

கென்ஜே: ஏத்தம் ஆரம்பிச்சுருச்சு, முன்னால லாரி. தாண்டலாமா?

தெமிர்: இரு.

கென்ஜே: இப்ப?

தெமிர்: இரு. எதிர்ல வருது.

சாய்ரா: எதுவும் வரல தம்பி.

தெமிர்: வர்ற மாதிரி இருந்துச்சு.

கென்ஜே: லாரிக்குப் பின்னாடியே போனா புகையிலயே செத்துருவோம் அத்தான்.

தெமிர்: புகையில சாகறவன் மெதுவாத்தான் சாவான். நீ இரு.

சாய்ரா: இந்தா, நான் காய வச்ச தயிர் உருண்ட, குருத். வாயில போட்டு ஒதுக்கிக்கோங்க. காது அடைக்காது.

கென்ஜே: அத்தான், ஏன் கண்ண மூடிக்கிட்டீங்க? நீங்கதானே கண்ணு?

தெமிர்: ஒரு நிமிஷம்... அங்க கீழ, நூல் அவுந்து விழுந்த மாதிரி கெடக்கே, அது என்ன?

சாய்ரா: நாம வந்த ரோடு.

தெமிர்: அதுவா?

சாய்ரா: அதேதான்.

தெமிர்: நான் இந்தப் பக்கம் வந்திருக்கேனே... பஸ்ல. தூங்கிட்டே போயிருக்கேன். இதுக்கு மேலயா தூங்குனேன்?

கென்ஜே: எஞ்சின் சத்தம் கேக்குதா? அடிவாரத்துல எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. கொஞ்சம் கூட மூச்சு வாங்கல.

தெமிர்: கேக்குது... கென்ஜே, மெதுவா. அதோ பாரு. இல்ல, நீ பாக்காதே, நான் சொல்றேன். கழுகு.

கென்ஜே: எங்க, மேலயா?

தெமிர்: கீழ. நமக்குக் கீழ பறக்குது. அதோட முதுகு தெரியுது... மேலயே பாத்து வளந்தோம், வயித்தத்தான் பாத்திருக்கேன். முதுகு இந்தக் கலர்னு இன்னைக்குத்தான் தெரியும்.

சாய்ரா: பொன்னு மாதிரி இருக்குமே.

தெமிர்: ஆமா... போ.

கென்ஜே: என்னது?

தெமிர்: போன்னேன். ரோடு காலி. லாரியத் தாண்டு... போ புள்ள, போ. ம்... அவ்ளோதான். வந்துட்டோம்.

கென்ஜே: நானா தாண்டினேன் அத்தான்?

தெமிர்: நீதான். பேசாம ஓட்டு.

சாய்ரா: சுரங்கம் வந்துருச்சு. கண்ணாடிய ஏத்திக்கோங்க, உள்ள புகை நிக்கும். வெளக்கப் போடு கண்ணு. சுவத்தப் பாக்காதே, முன்னால செவப்பா வெளக்கு தெரியுதே, அதையே பாரு.

கென்ஜே: முடியவே முடியாதா இது?

சாய்ரா: முடியும். எல்லாரும் இப்படித்தான் கேப்பாங்க.

கென்ஜே: அதோ வெளிச்சம்... அத்தான்.

தெமிர்: ஓரமா நிறுத்து.

கென்ஜே: நிறுத்திட்டேன்.

தெமிர்: கீழ நம்ம ஊர்ல மரத்துல எல இருக்கு இன்னும். இங்க ஒரே பனி... வானம் எங்க முடியுது, தரை எங்க ஆரம்பிக்குது?

கென்ஜே: தெரியல. எனக்கும் தெரியல.

தெமிர்: ஒரு சத்தம் இல்ல. என் காதுக்குள்ள ரத்தம் ஓடறது கேக்குது.

கென்ஜே: இவ்ளோ பெருசுன்னு யாருமே சொல்லலியே. இதுலயா நான் ஒவ்வொரு வீடாத் தேடிப் போகணும்?

சாய்ரா: பயமா இருக்கா?

கென்ஜே: இருக்கு. ஆனா திரும்பிப் போகணும்னு தோணல.

தெமிர்: எறங்கிட்டு நான் தொப்பியக் கழட்டினேன், பாத்தியா? ஏன் கழட்டினேன்னு எனக்கே தெரியல... சாய்ராக்கா, கையக் குடுங்க. மூணு லட்சம். வண்டி எங்களுது.

சாய்ரா: வழியெல்லாம் வெளிச்சமா இருக்கட்டும், சக்கரம் ஒரு நாளும் வழுக்காம இருக்கட்டும், ஏத்தற உசுரெல்லாம் பத்திரமா எறங்கட்டும். ஓமின்.

கென்ஜே: ஓமின்.

தெமிர்: ஓமின்... ம். சரிக்கா, தொடச்சுக்கோங்க.

சாய்ரா: எத?

தெமிர்: ஸ்டியரிங்கத்தான். மாடு குதிர வித்தா அது வாய் எச்சிலத் தொடச்சு எடுத்து வச்சுக்கறோம்ல, வீட்டு ராசி அதோட போயிரக் கூடாதுன்னு. வண்டி விக்கறவங்களும் துணியால ஸ்டியரிங்கத் தொடச்சு மடிச்சு வச்சுக்கறாங்களே. எங்கண்ணன் லாரி விக்கறப்ப அப்படித்தான் பண்ணான்.

சாய்ரா: இருக்கட்டும். வேணாம்.

தெமிர்: வேணாமா?

சாய்ரா: வேணாம் தம்பி.

தெமிர்: கென்ஜே, அந்த வண்டிக்கிட்டேர்ந்து தள்ளி வா.

கென்ஜே: என்னாச்சு?

தெமிர்: ராசி இருந்தாத்தானே எடுத்து வைக்க. வண்டியில யாரோ செத்துப் போயிருக்காங்க. அதான் தொடைக்கவே மாட்டேங்குது. அதான் தானா எறங்குச்சு வெல. கையக் குடுத்தது செல்லாது.

கென்ஜே: அத்தான், போதும். எங்கக்கா உங்கள எதுக்கு அனுப்பினான்னு எனக்குத் தெரியும்.

தெமிர்: என்ன தெரியும்?

கென்ஜே: எந்த வண்டியக் காட்டினாலும் ஒரு கொற சொல்லிருங்க, திங்கக்கெழம தாண்டிட்டா இவ மலைக்கு அந்தப் பக்கம் போக மாட்டான்னு சமையக்கட்டுல சொன்னாளா இல்லியா? நம்ம வீட்டுச் செவுரு மெல்லிசு.

தெமிர்: ...தெரிஞ்சுமா என்னக் கூட்டிட்டு வந்த?

கென்ஜே: மேல வந்து ஒரு தரம் பாத்துட்டா உங்களுக்குப் பொய் வராதுன்னு நெனச்சேன்.

தெமிர்: வரல. கையக் குடுத்தேனே, அது பொய் இல்ல. வீட்டுக்குப் போனா உங்கக்கா என்னக் கொல்லுவா, தெரிஞ்சுதான் குடுத்தேன். ஆனா இது வேற. சாய்ராக்கா, இவ எங்க வீட்டுக் கடைசிப் புள்ள. இந்தப் பனியில தனியா ஓட்டப் போறா. மறைக்காமச் சொல்லுங்க... இந்த வண்டியில என்ன நடந்துச்சு?

சாய்ரா: ஒண்ணும் நடக்கல தம்பி. ஒரு நாள் கூட என்ன வழியில விட்டதில்ல. வயித்துல இருக்கற புள்ளயப் பத்தி வெளியாள்கிட்டச் சொல்லக் கூடாதும்பாங்க, அதான் வாயத் தெறக்கல. என் மகள இந்தப் பள்ளத்தாக்குலதான் கட்டிக் குடுத்திருக்கேன். மாசமா இருக்கா, நடுப் பனியில பொறக்கும். இருக்கற ராசியத் தொடச்சு எடுத்துட்டு நான் ஊருக்குத் திரும்பிட்டா... எத நம்பி இந்தப் பொண்ணு என் மக வீட்டு வாசலுக்கு வருவா?