விற்க வந்தது கேட்ட கேள்வி

— கடைக்காரன் சோறு போட்டு வளக்குற நாய் கடைக்காரனுக்குத்தாங்க வாலாட்டும். உங்களுக்கு எதுக்கு ஆட்டுது? தெரியாமத்தான் கேக்குறேன்.

— மெதுவாப் பேசு, நர்சம்மா பாக்குறாங்க. நாயும் இல்ல நரியும் இல்ல. போன்ல சாமான் வாங்கித் தருதே, அந்த ஏஐ.

— என்ன ஏயோ. அந்தக் கடையோட கோடவுன்ல பொட்டி கட்டுறவ நான். எது விக்காமக் கெடக்குதோ அத யார் தலையிலயாவது கட்டுன்னுதான் எங்க சூப்பர்வைசர் தொண்டை கிழியக் கத்துவாரு. அந்தக் கூட்டத்துல ஒரு நல்லவன் பொறந்துட்டானாக்கும்.

— சத்தியமாச் சொல்றேன், எனக்கே நம்ப முடியல. நான் என்ன கேட்டேன்? மாஸ்க் ஒரு டஜன் போடுன்னேன். காச வாங்கினோமா, அனுப்பினோமான்னு இருக்க வேண்டியதுதானே? ‘போன வாரந்தானே ஒரு டஜன் வாங்கினீங்க, அதுக்குள்ள என்ன ஆச்சு’ன்னு கேக்குது.

— வேவு பாக்குது.

— நானும் மொதல்ல மொறைச்சேன். அப்புறம் உள்ளதச் சொன்னேன். கல்லறுக்கும்போது மூச்சு முட்டுது, ஆணியால ரெண்டு ஓட்டை போட்டுக்குவோம், பட்டறையில எல்லாரும் அப்படித்தான், ஓட்டை பெரிசாகிக் கிழிஞ்சிரும்னேன்.

— ஓட்டைக் குடையப் புடிச்சுக்கிட்டு மழையில நின்னானாம் ஒருத்தன்... ஹூம்... ஹூஹும்...

— இந்தா, தண்ணி குடி. சிரிச்சாலே உனக்கு இருமல் வந்துருது.

— கோடவுன்ல அட்டைத் தூசிங்க. எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன். நீங்க சொல்லுங்க.

— அது சிரிக்கல. ‘அந்த ஓட்டை வழியாக் கல்தூசி நேரா நெஞ்சுக்குப் போகும். வேணும்னா டஜன் போடுறேன், உங்க இஷ்டம். ஆனா இதச் சொல்லாமப் போடமாட்டேன்’னுச்சு.

— அடுத்ததா வெலை கூடின மாஸ்க்க நீட்டியிருக்குமே? இந்த வித்தைய நாங்க தெனம் பாக்குறோம்.

— அதையும் கேட்டேன். ‘என்ன, பெரிய மீனாப் புடிக்கிறியா’ன்னு. தாடி இருக்கான்னு விசாரிச்சுட்டு, ‘லிஸ்ட்டுல மேல பளபளன்னு தெரியறது மாஸ்க் கம்பெனிக்காரன் காசு குடுத்து ஏத்தினது. உங்க தாடிக்கு அதுவும் ஓரத்துல வாயப் பொளந்துதான் நிக்கும். இன்னிக்கு எதையும் வாங்காதீங்க. மூச்சு முட்டுறது மாஸ்க்கால மட்டும் இல்லாம இருக்கலாம், மொதல்ல நெஞ்சப் படம் எடுத்துப் பாருங்க’ன்னுச்சு.

— அட கடவுளே, அதுக்கா காலையில தாடிய வழிச்சீங்க! கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து கரடியாக் கத்துறேன், இந்தக் காதுல ஏறல. போன் சொன்னா ஏறுது!

— விக்க வந்தது விக்காமத் திருப்பி அனுப்புச்சே. அதுக்கு ஒரு மரியாத வேணாமா?

— ...வேணுந்தான். உங்க பட்டறை மேஸ்திரி உங்கள அந்தத் தூசிமூட்டத்துல நிக்க வச்சு மாடி மேல மாடி கட்டிட்டாரு. நெஞ்சு எப்படியிருக்குன்னு ஒரு நாள் கேட்டாரா?

— கூலிய விட்டெறிஞ்சா கேள்வியும் முடிஞ்சதுன்னு நெனைக்கிற மனுஷன் அவரு.

— சரி, இன்னிக்கு நல்லாப் பேசுது. நாளைக்கே கம்பெனிக்காரன் அதோட நாக்க மாத்திட்டா? இதே கொரல்ல, இதே பாசத்துல குப்பைய வாங்க வைப்பான். அப்ப எப்படிக் கண்டுபுடிப்பீங்க?

— கண்டுபுடிக்க முடியாது. அதான் பயமாவும் இருக்கு. வாங்குறவனுக்காகப் பேசுறேன்னு வந்தா வாங்குறவன் பக்கந்தான் நிக்கணும்னு கம்பெனிக்காரன் கழுத்துல கத்தி வச்ச மாதிரி ஒரு சட்டம் வேணும். ஆனா நேத்து அது நின்னுச்சு. என் பக்கம் மட்டுமில்ல.

— பின்ன யாரு பக்கம்?

— ‘வேலைச் சட்டையோடவே வீட்டுக்குப் போவீங்களா’ன்னு கேட்டுச்சு. ஆமான்னேன். ‘அத யாரு தொவைக்கிறா’ன்னுச்சு.

— இது என்ன கேள்வி? ஊருக்கே தெரியும். பின்பக்கச் செவுத்துல நாலு சாத்துச் சாத்தி ஒதறாம அந்தச் சட்டையத் தண்ணியில போட முடியுமா? மாவு மில்லாட்டம் பறக்கும். மூக்கு, வாயி, தலை, எல்லாம் வெள்ளை.

— அதையேதான் நானும் சொன்னேன். சொல்லச் சொல்லத்தான் எனக்கே ஒறைச்சுச்சு.

— என்ன ஒறைச்சுச்சு? என்ன, மூஞ்சி ஒரு மாதிரிப் போகுது?

— எக்ஸ்ரேக்கு அடுத்த ஆளு உள்ள வாங்க. நகை கிகை இருந்தாக் கழட்டிக் குடுத்துட்டு வாங்க.

— கூப்புடுறாங்க பாருங்க. எந்திரிங்க, பைய நான் வச்சுக்குறேன்.

— பைய எங்கிட்டக் குடு. மொதச் சீட்டு உன் பேருலதான் போட்டேன். கூப்பிட்டது உன்னத்தான்.